கீழ்ஸ்தாயி: பேஸ் கிதாரும் நம் செவியும்

1

சினிமாப் பாட்டைப் பற்றிச் சிறுபத்திரிகையில் எழுதுவது கௌரவக் குறைவு என்று எண்ணுகிறவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எழுத முன்வருகிறவர்களும் இரண்டு காரியங்களில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். பாட்டின் வரிகளைத் தனியே பிய்த்தெடுத்து, அது கவிதையா இல்லையா என்று தீர்ப்பு வழங்குவது ஒன்று. மெட்டு இன்ன ராகம் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, அந்தக் கண்டுபிடிப்பையே விமர்சனமாகப் பாவித்துக்கொள்வது மற்றது. வரிக்கும் ராகத்துக்கும் கீழே, பாட்டு முழுவதையும் தாங்கிக்கொண்டு நடந்துபோகிற ஒரு குரல் உண்டு. பேஸ் கிதார் என்கிற நான்கு தந்தி மின்வாத்தியத்தின் குரல் அது. அரை நூற்றாண்டாக நாம் அதை அன்றாடம் கேட்டுவருகிறோம். நம் விமர்சனம் அதை அநேகமாகக் கண்டுகொண்டதே இல்லை.

மேற்கில் நிலைமை வேறு. பேஸ் வாசிக்கிறவர்கள் இருவர் அங்கே சந்தித்தால் இரண்டு கருவிகளை மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, இதன் கழுத்து ஒடுக்கம், அதன் தந்தி முரடு, இதில் நடுஒலி தூக்கல், அதில் அடி கனம் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். இலக்கியவாதிக்கு இது தச்சுப்பட்டறைப் பேச்சாகத் தோன்றும். ஆனால் ஒரு கவிஞன் இரண்டு சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு எதன் ஓசை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. தொனி என்ற வார்த்தையை நாம் கவிதைக்கு மட்டும் என்று பத்திரம் எழுதி வாங்கிவிடவில்லை.

இந்தப் பேச்சில் அடங்கியிருக்கிற கேள்வி உண்மையானது. ஒரு வாத்தியத்தின் தொனி எங்கே உண்டாகிறது? மரத்திலா, தந்தியிலா, வாசிக்கிறவன் விரலிலா? அமெரிக்கச் சரித்திரத்தை வைத்துப் பார்த்தால் விரலில் என்று பதில் சொல்லலாம். தமிழ்ச் சரித்திரத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் பதில் போதாது. இங்கே அது எழுதப்பட்ட தாளில் தொடங்கி, பனைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் போய் முடிந்தது. இந்த இரண்டு முனைகளையும் கணக்கில் கொள்ளாத எந்த ஒப்பீடும் நமக்குப் பொருந்தாது என்பதே என் கட்சி.

2

முதலில் கருவியைப் பற்றி. 1951க்கு முன்னால் கீழ்ஸ்தாயி என்றால் டபிள் பேஸ்தான். ஆள் உயரம், கட்டைகள் இல்லாத கழுத்து, நிறுத்தி வைத்து அணைத்துக்கொண்டு வாசிக்க வேண்டிய வாத்தியம். ஸ்ருதி எங்கே இருக்கிறது என்பது வாசிப்பவன் விரலுக்குத்தான் தெரியும். டிரம்ஸும் டிரம்பெட்டும் ஒலிக்கிற மேடையில் அதன் சத்தம் எடுபடாது. 1930களிலேயே அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் படுக்கை வாக்கில் பிடித்து வாசிக்கும் மின்சார பேஸ் ஒன்றைச் செய்தார். அது பரவவில்லை. 1951இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த கருவிதான் நிலைத்தது. தந்தியின் நீளம் 34 அங்குலம், கழுத்தில் உலோகக் கட்டைகள். கட்டை இருப்பதால் விரல் சற்றுத் தவறினாலும் ஸ்வரம் தவறாது. அந்தத் துல்லியத்தையே பெயராக்கி அதற்குப் பிரிசிஷன் பேஸ் என்று பெயர் வைத்தார். ஃபெண்டர் வானொலிப்பெட்டி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். கிதார் வாசிக்கத் தெரியாதவர். சங்கீத சரித்திரத்தில் இப்படிப்பட்ட ஆட்களுக்கு உள்ள இடத்தை நாம் யோசித்துப் பார்ப்பதில்லை.

1960இல் அதே கம்பெனி ஜாஸ் பேஸைக் கொண்டுவந்தது. இன்றுவரை நடக்கும் ஒப்பீடுகளெல்லாம் இந்த இரண்டு துருவங்களுக்கு இடையில்தான் நடக்கின்றன. பிரிசிஷனின் கழுத்து தலைப்பக்கம் 1¾ அங்குல அகலம். ஜாஸ் பேஸின் கழுத்து அதே இடத்தில் 1½ அங்குலம். கால் அங்குல வித்தியாசம்தானே என்று தோன்றும். ஒடுங்கிய கழுத்தில் இடது கை சுலபமாகத் தாவுகிறது. அகன்ற கழுத்தில் கை நின்று நிதானித்துப் போகிறது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப், பிரிசிஷனில் நடுவில் ஒரே இடத்தில் இருக்கிறது. ஜாஸ் பேஸில் இரண்டு. அதில் ஒன்று தந்தி கட்டிய முனைக்கு அருகே. தந்தி முனைக்கு அருகில் அடிநாதம் மெலிந்து மேல்நாதங்கள் தூக்கலாக இருக்கும். எனவே ஜாஸ் பேஸ் கொஞ்சம் மூக்கால் பேசும். பிரிசிஷன் நெஞ்சால் பேசும்.

ஜெர்மனியின் ஹாஃப்னர் கம்பெனி 1956இல் செய்த, வயலின் வடிவப் பேஸ் மூன்றாவது ரகம். உள்ளே பொள்ளல், கனமில்லை, தந்தி நீளம் 30 அங்குலம்தான். பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கி உலகத்துக்குக் காட்டியது இதைத்தான். தட்டினால் 'தும்' என்று எழுந்து உடனே அடங்கிவிடும். நீண்டு நிற்காது. நீண்டு நிற்காத ஸ்வரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்த ஸ்வரத்துக்குப் போக வேண்டியதுதான். மெக்கார்ட்னியின் பேஸ் ஓயாமல் பாடிக்கொண்டே போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஸ்பரிசம் என்பது சௌகரியம் பற்றிய விஷயம் மட்டுமல்ல. கைக்கு எது சுலபம் என்பது கற்பனை எந்தப் பக்கம் திரும்பும் என்பதையும் பாதியளவுக்கு நிர்ணயிக்கிறது.

3

பாதியளவுக்குத்தான். மீதிப் பாதி கை. இதற்கு டெட்ராய்ட் நகரத்து ஜேம்ஸ் ஜேமர்சனை விடச் சிறந்த சாட்சி இல்லை. மோட்டவுன் கம்பெனியின் இசைத்தட்டுகளில் 1960களில் பேஸ் வாசித்தவர். டபிள் பேஸிலிருந்து மின்சார பேஸுக்கு வந்தவர். அவர் கருவி 1962ஆம் வருஷத்துப் பிரிசிஷன். தந்திகள் மழமழப்பானவை, பருமனானவை. அறுந்தாலொழிய மாற்றமாட்டார். தந்தி முனையில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் வேலை செய்யும். இன்றைய கணக்கில் இது எல்லாமே குறைபாடு. ஸ்பாஞ்சு நாதத்தை அமுக்குகிறது, பழந்தந்தி ஒளியை இழந்துவிடுகிறது, ஒற்றை விரல் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அந்த ஒற்றை விரலிலிருந்து வந்த வரிகளில் ஒரு மனிதனின் நடை இருந்தது. தயங்கி, தாண்டி, கடைசி நிமிஷத்தில் காலூன்றுகிற நடை. பாட்டுக்குப் பாட்டு அவருக்குப் பெரும்பாலும் கிடைத்தது சுரக்கட்டின் குறிப்பு மட்டுமே. வரியை அவரே செய்துகொண்டார்.

அவர் பெயர் ரசிகர்களுக்குத் தெரியாது. மோட்டவுன் தன் வாத்தியக்காரர்களின் பெயரை உறையில் போடுவதில்லை. மார்வின் கேயின் 1971ஆம் வருஷத்து இசைத்தட்டில்தான் ஜேமர்சன் பெயர் அச்சில் வந்தது. 1983இல் இறந்துபோனார். 1989இல் அவரைப் பற்றிப் புத்தகம் வந்தது. 2002இல் அவரையும் சகாக்களையும் பற்றி ஒரு டாகுமெண்டரி. ஆக, ஒப்பிட்டுப் பேசுகிற அந்தத் தச்சுப்பட்டறைப் பேச்சு ஒரு காரியத்தையாவது செய்தது. இந்தத் தொனி யாருடையது என்று கேட்டுக்கொண்டே போய் ஒரு பெயரைக் கண்டுபிடித்தது.

4

சென்னைக்கு வருவோம். இங்கும் முதலில் டபிள் பேஸ்தான். விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்து வாத்தியக்குழுவில் அது ஒரு ஓரத்தில் நின்றது. பெரும்பாலும் தாளத்துக்கு அடிக்கோடு போடும் வேலை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் சங்கீதத்தில் கீழே இருப்பது அசையாத ஒன்று. தம்பூராவின் ஷட்ஜம் நிலம் மாதிரி. அதன்மேல் ராகம் நடமாடலாம். நிலமே நடக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? மேலே பாடகன் அந்தர காந்தாரத்தில் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கீழே ஷட்ஜம் ஒலிக்கும்போது அது காந்தாரம்தான். கீழ்க்குரல் சதுஸ்ருதி தைவதத்துக்கு நகர்ந்துவிட்டால், பாடகன் இம்மியும் அசையாமலே அவனுடைய ஸ்வரம் அந்தத் தைவதத்துக்குப் பஞ்சமமாகிவிடுகிறது. ஸ்வரம் அதே, அர்த்தம் வேறு. நகரும் கீழ்ஸ்தாயி என்பது நமக்கு வெறும் அலங்காரப் புதுமை அல்ல. அஸ்திவாரத்தில் கை வைக்கிற காரியம்.

1976இல் அன்னக்கிளியோடு வந்த இளையராஜா இதை உணர்ந்து செய்தார் என்பதில்தான் அவருடைய முக்கியத்துவம் பெருமளவு இருக்கிறது. அவருடைய சொந்த வாத்தியம் கிதார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய சங்கீதம் படித்தவர். சலீல் சௌத்ரியின் குழுவில் கிதார் வாசித்தவர். பேஸ் கிதாருக்கு அவர் கொடுத்தது அடிக்கோடு அல்ல, இரண்டாவது மெட்டு. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் நிலாப் பாட்டில் எல்லோரும் கிதாரைச் சொல்வார்கள். கீழே பேஸ் மட்டும் எங்கே போகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாடகன் மூச்சு வாங்கும் இடத்தில் அது பேசுகிறது. அவன் பேசும் இடத்தில் விலகிப் போகிறது. தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பித்து 1986இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டு இந்தப் பழக்கத்தின் மூலத்தை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. கீழ்க்குரலுக்கும் சொந்த வாழ்க்கை உண்டு என்பது பாஹின் பாடம்.

ஜேமர்சனோடு வித்தியாசம் இங்கேதான். சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் பேஸ் வரி வாசிப்பவன் விரலில் பிறக்கவில்லை. ராஜா எல்லா வாத்தியங்களுக்குமான பகுதிகளை ஸ்வரக்குறிப்பில் எழுதினார், பேஸுக்கும் எழுதினார். அவருடைய ஏராளமான பாடல்களில் பேஸ் வாசித்த சசிதரன் அந்தத் தாளைப் பார்த்து வாசித்தார். அப்படியானால் அவருடைய கைக்கு என்ன இடம்? நாடகப் பிரதிக்கும் நடிகனுக்கும் உள்ள உறவை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தாளில் ஸ்வரமும் அதன் கால அளவும்தான் இருக்கின்றன. எந்த ஸ்வரத்தைக் கொஞ்சம் தாமதித்து விடுவது, எதைச் சட்டென்று அமுக்கிக் கொல்வது, எதை அடுத்ததோடு இழைப்பது, இதெல்லாம் தாளில் முழுதாக எழுத முடியாதவை. அந்த மிச்சம்தான் தொனி.

அந்த இழைப்பு விஷயத்தில் கருவி முரண்டு பிடிக்கிறது. வீணையிலும் கட்டைகள் உண்டு. மெழுகில் பதித்த 24 மெட்டுகள். ஆனால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தே கமகம் முழுவதையும் கொண்டுவந்துவிடலாம். பேஸ் கிதாரின் கடைசித் தந்தி ஏறக்குறைய 2½ மில்லிமீட்டருக்கு மேல் பருமன். அதை வீணைத் தந்தி போல இழுத்து வளைப்பது நடக்காத காரியம். விரலைக் கழுத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகலாம். அப்போதும் ஒவ்வொரு கட்டையும் படிக்கட்டு மாதிரி இடறும். துல்லியம் என்று ஃபெண்டர் பெயர் வைத்ததே இங்கே தடையாகிறது. இதே தாகம் மேற்கிலும் இருந்திருக்கிறது. ஜாக்கோ பஸ்டோரியஸ் கட்டைகளற்ற ஜாஸ் பேஸை வைத்துக்கொண்டு 1976இல் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது, அந்தக் கருவி மனிதக் குரல் போல விம்மியது. நம் வாத்தியக்காரர்கள் கட்டை உள்ள கருவியிலேயே உருமியின் இழுப்பை நினைவுபடுத்தும் வழுக்கல்களைச் செய்தார்கள். தேர்ந்தெடுக்கும் வசதியும் அதிகம் இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கவரியும் கடுமையாயிருந்த காலம் அது. வெளிநாட்டுக் கருவியை விடுங்கள், நல்ல தந்தி ஒரு கட்டு கிடைப்பதே சிரமம். இரண்டை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு பணக்கார தேசத்துச் சலுகையாக இருந்தது.

5

இப்போது மறுமுனை. நான் வேலை பார்க்கிற வங்கி பனவடலிசத்திரத்தில் இருக்கிறது. சங்கரன்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் இடையில், பெயரிலேயே பனையை வைத்துக்கொண்டிருக்கிற ஊர். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ராஜாவின் பாட்டுகள் வந்து சேர்ந்தது கொடைவிழாக் குழாய் மூலமும், இலங்கை வானொலி மூலமும், கல்யாண வீட்டு மைக்செட் மூலமும்தான். ஆகவே, 1980களில் இங்கே பேஸ் கிதாரின் தொனி என்னவாக இருந்தது என்ற கேள்விக்கு விடை குழாய் ஒலிபெருக்கியின் குணத்தில் இருக்கிறது.

பேஸ் கிதாரின் கடைசித் தந்தியைத் திறந்து மீட்டினால் வினாடிக்கு 41 அதிர்வு. முதல் தந்தி 98. குழாயோ ஏறத்தாழ 300க்குக் கீழே உருப்படியாக எதையும் தராது. அது தூரத்துக்குச் சேதி சொல்லப் பிறந்த கருவி. மேல்நாதத்தைத் தள்ளிக் கொடுக்கும், அடிநாதத்தை விழுங்கிவிடும். கணக்குப்படி பார்த்தால் நாம் பேஸைக் கேட்டிருக்கவே கூடாது. ஆனால் கேட்டோம். ஒரு நாதத்தின் அடிநாதம் போய் மேல்நாதங்கள் மட்டும் எஞ்சினாலும், அவற்றின் இடைவெளியைக் கொண்டு காது இல்லாத அடிநாதத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. ஒலியியல் அறிந்த விஷயம் இது. கனம் வராது, நெஞ்சு அதிராது. ஸ்வரம் மட்டும் வந்து சேரும்.

இதன் விளைவுகள் இரண்டு. ஒன்று, கருவிகளின் தராதரம் இங்கே தலைகீழாகிறது. ஸ்பாஞ்சு வைத்து அமுக்கிய மழமழத் தந்தி குழாய்க்குள் போனால் காணாமல் போய்விடும். அதனிடம் மேல்நாதம் போதாது. முரட்டுத் தந்தியும், முனைக்கருகில் உள்ள பிக்கப்பும், நகத்தாலோ பிளெக்ட்ரத்தாலோ விழுகிற கூர்மையான அடியும்தான் பனைமர உயரத்திலிருந்து வயல் தாண்டி வந்து சேரும். ஸ்டூடியோவில் இனிமையானது எது என்பது ஒரு கேள்வி. ஊரில் உயிர் பிழைப்பது எது என்பது வேறு கேள்வி.

இரண்டாவது விளைவு முக்கியமானது. நமக்கு பேஸ் கிதார் ஒரு கனமாக அல்ல, ஒரு மெட்டாகவே அறிமுகமாயிற்று. உடம்பை உலுக்கும் அதன் சக்தி வடிகட்டப்பட்டு, அதன் சிந்தனை மட்டும் நம்மிடம் வந்தது. இந்த ஊர்களில் உடம்பை உலுக்கும் ஒலிக்குப் பஞ்சமில்லை. வில்லுப்பாட்டுக் குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது எழும் 'தும்' ஒன்று போதும். குடத்துக்குள் அடைபட்ட காற்று அதிர்ந்து வருகிற ஒலி அது. துளையிட்ட பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் வேலை செய்வதும் அதே தத்துவத்தில்தான். தவிலின் தொப்பியும் உருமியும் வேறு இருக்கின்றன. கனம் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. நகர்ந்துபோகிற, வாதம் செய்கிற கீழ்க்குரல்தான் இல்லாதிருந்தது. பாட்டின் மெட்டோடு சேர்த்து பேஸ் வரியையும் வாயால் முணுமுணுக்கிற ஆட்களை இந்தப் பக்கம் டீக்கடைகளில் பார்க்கலாம். அவர்களில் பலருக்கு அந்த வாத்தியத்தின் பெயர் தெரியாது. ஸ்வரக்குறிப்பில் எழுதப்பட்ட எதிர்மெட்டு, சங்கீதப் பள்ளிக்கூடம் பக்கமே போகாத செவியில் பதிந்திருக்கிறது. வெகுஜனக் கலை என்று நாம் ஒரே வார்த்தையில் ஒதுக்குகிற இடத்தில் நடந்த காரியம் இது.

6

1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் கணினியும் ஸீக்வென்ஸரும் வந்தன. கீபோர்டில் பேஸ் வாசிப்பது பிற்பாடு சகஜமாயிற்று. 1992க்குப் பிறகு ரஹ்மான் ஒலிப்பதிவின் தளத்தையே மாற்றினார். ஒரு நல்லதும் நடந்தது. அவருடைய காஸெட், குறுந்தகடு உறைகளில் வாத்தியக்காரர் பெயர்கள் அச்சாயின. கீத் பீட்டர்ஸ் என்கிற பேஸ் வாசிப்பவரைப் பலர் அறிந்தது அதனால்தான். கெட்டதும் உண்டு. கொடைக்கு இப்போது லாரியில் வந்து இறங்குவது ஆளுயரப் பெட்டிகள். 41 அதிர்வும் அதற்குக் கீழேயும் தாராளமாக வருகிறது. ஜன்னல் கம்பி ஆடுகிறது. ஆனால் இந்தப் பெட்டிகளை மனத்தில் வைத்துச் செய்யப்படும் பாட்டுகளில் கீழ்க்குரல் ஒன்றிரண்டு ஸ்வரங்களில் நின்று இடிப்பதோடு சரி. கனம் கிடைத்துவிட்ட பிறகு நடக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. பழைய பாட்டுகளை இதே பெட்டியில் போட்டால் என்ன நடக்கிறதென்பதையும் கவனிக்க வேண்டும். குழாயில் தெளிவாய்க் கேட்ட வரி, கனத்தில் கரைந்து வெறும் முழக்கமாகிவிடுகிறது.

பழையது எல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. குழாய் ஒரு குறைப்பட்ட சாதனம். அதன் இரைச்சலுக்கு யாரும் ஏங்க வேண்டாம். நான் சொல்வது, ஒரு தொனியைப் பற்றிப் பேசும்போது அது கடந்துவந்த பாதை முழுவதையும் பேச வேண்டும் என்பது. எழுதிய தாள், வாசித்த கை, கையில் அகப்பட்ட கருவி, கேட்ட காது, இத்தனையும் சேர்ந்ததுதான் அது. இந்த நான்கில் நம்மிடம் ஆவணமாக எஞ்சியிருப்பது இசையமைப்பாளர் பெயர் ஒன்றுதான். 1970களிலும் 80களிலும் வெளிவந்த நம் இசைத்தட்டு உறைகளில் படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் என்று நான்கு பெயர் இருக்கும். பேஸ் வாசித்தவர் பெயர் இருக்காது. அவர் மடியில் இருந்தது பிரிசிஷனா, ஜாஸ் பேஸா, கல்கத்தாவில் செய்ததா என்கிற குறிப்பும் இருக்காது. வங்கிப் பேரேட்டில் இப்படி வரவை எழுதி பற்றை விட்டுவிட்டால் அன்று சாயங்காலம் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

அந்தக் கூடங்களில் வாசித்த பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ராஜாவின் கீபோர்டு வாசிப்பாளர் விஜி மானுவல் 2016இல் இறந்தார். டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் 2020இல். மிஞ்சியிருக்கிறவர்களிடம் போய், எந்த ராகம் என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்தத் தந்தி, எந்த விரல், ஸ்பாஞ்சு வைத்தீர்களா, தாளில் இல்லாத எதைச் சேர்த்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கவிஞர்களின் கையெழுத்துப் பிரதிக்கு அலைகிற நாம் இதற்கும் கொஞ்சம் அலையலாம். சென்னையில் இருக்கிற நண்பர்கள் யாராவது டேப்ரிக்கார்டரோடு கிளம்பினால், எழுதி எடுத்துக் கொடுக்கும் வேலையை நான் செய்கிறேன்.